மறுப்பை முதல் வரியில் எழுதுங்கள்

ஆளுக்கு எட்டு நிமிடம் என்று அன்போடு அறிவித்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! அரை நூற்றாண்டாக அஞ்சல் அட்டையிலேயே அமைச்சர்களையும் அறிஞர்களையும் அதட்டிவரும் பெரியோர்களே! காய்கறி நறுக்கும் பலகையின் ஓரத்திலேயே காகிதத்தை வைத்துக் கட்டுரையாளர்களையும் சேர்த்து நறுக்கும் தாய்மார்களே! நம் வாசகர் கடித மன்றத்தின் ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருப்பவரும், என்னால் இதுவரை இருபத்திரண்டு முறை மறுக்கப்பட்டவருமான ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையாளர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விருந்தினருக்கு இவ்வளவு பலமாகக் கைதட்டாதீர்கள். நாளைக்கு மறுத்து எழுதும்போது நமக்கே கை கூசும்!

நான் பேருந்து நடத்துநர். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஊரையே உள்ளே தள்ளித் தள்ளி உரம் ஏறிய குரல் இது. ஒலிபெருக்கி ஓய்ந்தாலும் நான் ஓயமாட்டேன். தலைவர் இப்போதே முகம் சுளிக்கிறார். பயப்படாதீர்கள் ஐயா, ஒரே ஒரு கதைதான்.

நாம் எதற்காக எழுதுகிறோம்? பரிசு தருகிறார்களா? பட்டம் தருகிறார்களா? பக்கத்து வீட்டுக்காரராவது படிக்கிறாரா? கட்டுரையாளருக்கு அரைப் பக்கம். நமக்கு அரை விரற்கடை. அவர் ஆயிரம் சொல்லில் சறுக்கலாம். நாம் நூறு சொல்லில் நிமிர்த்த வேண்டும். அவர் படத்தோடு வருவார். நாம் பிழையான முகவரியோடு வருவோம். ஆனாலும் எழுதுகிறோம், அன்றும் எழுதினோம், இன்றும் எழுதுகிறோம், என்றும் எழுதுவோம்! ஏன்? ஒருவர் பேசிவிட்டுப் போனதோடு ஒரு பேச்சு முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம்!

என் தங்கை ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவள். எட்டு மாடிக் கட்டடம். லிஃப்டின் மூலையில் ஒரு முக்காலி, தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி, எதிரே வரிசையாகப் பொத்தான்கள். பதினொரு ஆண்டுகளாக அதுதான் அவள் அலுவலகம். அவள் கணவர் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருக்கிறார். அவள் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் விருந்தினர் எழுதினார்: "பொத்தானை அழுத்த ஒரு பணியாளர் எதற்கு?" நண்பரைப் பார்க்க அந்த மருத்துவமனைக்குப் போனாராம். நான்காம் மாடியில் பத்து நிமிடம் காத்திருந்தாராம். வந்த லிஃப்ட் நிற்காமலே கீழே இறங்கிவிட்டதாம். கதவின் சின்னக் கண்ணாடி வழியே உள்ளே பணியாளர் நிற்பதையும் பார்த்தாராம். அப்படித்தானே ஐயா எழுதினீர்கள்? பாருங்கள், தலையாட்டுகிறார். பொய் சொல்லக் கூடாது, கட்டுரை நன்றாகவே இருந்தது. எனக்கு வயிறு எரிந்ததே அதனால்தான்.

நிர்வாகத்துக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. இந்தப் பணியிடம் தேவையா என்று மாதக் கடைசியில் கூடி முடிவெடுப்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள். தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணா, ஊர்ல தெருவிளக்கு எரியலன்னா லெட்டர் போடுற. குழாய் சொட்டினா லெட்டர் போடுற. எனக்கு ஒண்ணு போட மாட்டியா?"

போட்டேன்! வரிந்துகட்டிக்கொண்டு போட்டேன்! நம் மன்றத்தின் மரபு உங்களுக்குத் தெரியும். முதல் பத்தியில் புகழ்ச்சி. இரண்டாம் பத்தியில் 'ஆனால்'. மூன்றாம் பத்தியில் அடி. நானும் மரபு மாறாமல் தொடங்கினேன். "மதிப்பிற்குரிய கட்டுரையாளரின் கருத்து காலத்திற்கேற்றது. பொதுநலத்தில் அவர் காட்டும் அக்கறை போற்றத்தக்கது. அவர் எழுப்பிய கேள்வியை ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்." அதற்குப் பிறகு 'ஆனால்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் பொரிந்து தள்ளியிருந்தேன்.

பத்திரிகையில் இடம் போதாவிட்டால் கடிதத்தை எங்கிருந்து வெட்டுவார்கள்? கீழேயிருந்து வெட்டுவார்கள். வெட்டினார்கள். அடியை வெட்டினார்கள், அதற்குமேல் இருந்த ஆதாரங்களை வெட்டினார்கள், அதற்கும்மேல் இருந்த 'ஆனால்' வரைக்கும் வெட்டினார்கள்! மிச்சம் என்ன? புகழ்ச்சி! 'காலத்திற்கேற்ற கருத்து' என்று தலைப்பு. அடியில் அழகாக என் முழுப்பெயர்!

எல்லோரும் சிரிக்கிறீர்கள். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. உங்களுக்கும் நடந்திருக்கிறதா ஐயா? கை தூக்குகிறார். உட்காருங்கள், நாம் பிறகு தனியாகப் பேசி அழுவோம்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? கடிதத்தைக் கத்தரித்து, 'பொதுமக்களின் கருத்து' என்று மேலே எழுதி, லிஃப்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டது. என் தங்கை கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவளுடைய அண்ணன் பெயர் அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

அன்று மாலை அவள் வீட்டுக்கு ஓடினேன். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. வாசலிலேயே அந்தப் பத்திரிகைத் துண்டை நீட்டினாள்.

"அண்ணா, இது நீ எழுதுனதா?"

"ஆமாம்மா, ஆனா..."

"இதுல 'ஆனா' எங்க இருக்கு?"

உள்ளேயிருந்து அவள் கணவர் குரல் கொடுத்தார்: "மச்சான், இனிமே எங்களுக்கு நல்லது மட்டும் செஞ்சிடாதீங்க!"

கையோடு கொண்டுபோயிருந்த முழுக் கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். பாராட்டுவாள் என்று நினைத்தேன். "இவ்வளவு எழுதியிருக்க. அன்னைக்கு லிஃப்ட் ஏன் நிக்கலன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?" என்றாள்.

"நீ சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே அண்ணா."

அவையோரே! இத்தனை மறுப்புகள் எழுதிய இந்தக் கை அன்றைக்குத்தான் வெட்கப்பட்டது. அவர் கேட்காமல் எழுதினார் என்று நான் கொதித்தேன். நான் என்ன செய்தேன்? நானும் கேட்காமலேதான் மறுத்தேன்! பிறகு கேட்டேன். சொன்னாள்.

"ஆறாவது மாடியில ஒரு அம்மா ஏறினாங்க. கையில ஒரு பை. பைக்குள்ள அவங்க வீட்டுக்காரரோட செருப்பு. வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. நடுவுல நிறுத்தினா கதவு திறக்கும். குழந்தை பொறந்துருக்குன்னு சிரிச்சுக்கிட்டு வர்றவங்க எல்லாம் ஏறுவாங்க. கீழ போற வரைக்கும் அழுதுக்கட்டுமேன்னு, நிக்காம போற சாவியைத் திருப்பிட்டேன். எப்பவும் அப்படித்தான் செய்வேன்."

அன்றே மறு கடிதம் எழுதினேன். புகழ்ச்சி இல்லை, பூச்சு இல்லை, 'மதிப்பிற்குரிய' இல்லை. முதல் வரியே இதுதான்: "லிஃப்ட் நிற்காததற்குக் காரணம், உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார்." மொத்தம் ஐந்து வரி. வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. முழுதாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைத் திறக்கிறேன். கட்டுரையாளரின் இடத்தில் கட்டுரை இல்லை! அங்கே ஒரு கடிதம் இருந்தது. "ஐயா, அந்த லிஃப்டில் இருந்தவள் நான். காலையிலிருந்து நான் அழவில்லை. உறவினர்கள் எதிரில், மருத்துவர்கள் எதிரில் எப்படி அழுவது? ஆறாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரைதான் எனக்கு இடம் கிடைத்தது. அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பொத்தான் அப்படித் திரும்பிக்கொள்ளுமா?"

அதற்குக் கீழே நம் விருந்தினர் தம் பங்குக்கு ஒரே வரி எழுதியிருந்தார்: "நான்காம் மாடியில் நின்றவன் நான், படியில் இறங்கியிருக்கலாம்."

இப்போது தட்டுங்கள் கையை! அரைப் பக்கம் வைத்திருக்கும் ஒருவர் அதை அப்படியே தூக்கிக் கொடுப்பது எளிதா? ஐயா, உங்களை இருபத்து மூன்றாம் முறையும் மறுப்பேன். அதற்கு முன் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

ஆகவே அன்பர்களே, எழுதுங்கள்! அறிஞர் எழுதினாலும் ஆண்டவர் எழுதினாலும் தவறென்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்! எழுதுவதற்கு முன் எழுந்து போய்க் கேளுங்கள். யாரைப் பற்றிய பேச்சோ அவரிடம் கேளுங்கள்; கேட்டதை முதல் வரியில் எழுதுங்கள். மரியாதைக்கு இடமிருந்தால் கடைசியில் வையுங்கள், வெட்டினாலும் நட்டமில்லை!

முன்வரிசையில் ஒரு அம்மா ஏதோ கேட்கிறார். தங்கையை அழைத்து வரவில்லையா என்றா? அழைத்தேன், அம்மா. மேடையில் ஒரு நாற்காலியே போட்டு வைக்கிறோம் என்றேன். "போ அண்ணா, லிஃப்ட்ல எனக்கு இன்னைக்குச் சாயந்திர டியூட்டி" என்று சொல்லிவிட்டாள்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கும், புன்னகையோடு கேட்ட விருந்தினருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, எல்லோரையும் வணங்கி அமர்கிறேன்.