பதிமூணு புள்ளி ரெண்டு

கதவைத் தாழ் போட்டாச்சா? சரி, நெருங்கி உட்காருங்கள். பாதியில் எவரும் எழுந்து போகக் கூடாது. என் கூட்டாளியின் மச்சானுக்கு நடந்தது இது…

ராத்திரி மணி இரண்டே கால். ஈ காக்கை இல்லாத சாலை. மச்சான் தனியாக ஜீப்பில் போகிறார். கோடியில் ஆராய்ச்சி நிலையத்தின் ஆழ்துளைக் கிணறு. அதற்குள் ஒரு கருவி நிமிடத்துக்கு நிமிடம் நீர்மட்டத்தைப் பதிந்துகொண்டே இருக்கும். நிலம் ஆடுவதற்கு முன் தண்ணீர் ஏதாவது சேதி சொல்கிறதா என்று பார்க்கத்தான் அத்தனை பாடும். அன்று மட்டம் சரசரவென்று இறங்குவதாகப் போனில் எச்சரிக்கை வந்தது. கருவி பொய் சொல்கிறதா என்று கையால் அளந்து பார்த்தாக வேண்டும்.

அளப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் அளவு நாடாவை இறக்குவார். தண்ணீரைத் தொட்டால் அது 'பீப்' என்னும். எத்தனை மீட்டர் ஆழம் என்று அவர் உரக்கச் சொல்ல, எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த அளவு செல்லும்.

மூன்று வருடத்துக்கு முன் இதே கிணற்றில், உடன் வேலை பார்த்த நெட்டையர் "பதிமூணு புள்ளி ரெண்டு" என்றார். மச்சானுக்குத் தூக்கக் கலக்கம். "பக்கத்துல எவனோ மோட்டார் போட்டுத் தண்ணி இறைக்கிறாண்ணே, விடுங்க" என்றார். திருப்பிச் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. விடிகாலையில் நிலம் ஆடியது. நெட்டையரை அவர் வீட்டுச் சுவருக்கு அடியிலிருந்துதான் எடுத்தார்கள். அது மச்சானை இன்றுவரை அரிக்கிறது.

இப்போது தனியாக நாடாவை இறக்கினார். குழாயிலிருந்து துருப்பிடித்த ஈர வாடை. பீப்… பழக்கதோஷம், வாய்விட்டுச் சொன்னார்.

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு."

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு…" முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

திரும்பினார். யாருமில்லை. எதிரொலிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி இறக்கினார். நாடா இன்னும் தண்ணீரைத் தொடவில்லை… அதற்குள் அந்தக் குரல்.

"பதிமூணு புள்ளி ரெண்டு."

பீப்… டார்ச்சை அடித்துப் பார்த்தார். பதிமூன்று புள்ளி இரண்டு.

மனைவியும் மகளும் அன்றைய ஆட்டத்தில் விரிசல் விட்ட வீட்டில் தூங்குகிறார்கள். போன் போட்டார்.

"ஏங்க, நாங்க தெருவுலதான் நிக்கிறோம். யாரோ கதவைத் தட்டினாங்க… நெட்டையா ஒருத்தர், முகம் தெரியல. பதிமூணு புள்ளி ரெண்டுன்னு விடாம சொல்லிக்கிட்டே இருந்தாரு. பாப்பா திருப்பிச் சொன்னப்புறம்தான் நிறுத்தினாரு. வெளிய வாங்கன்னு கையைக் காட்டினாரு… இப்பவும் இங்கதான் நிக்கிறாரு. 'அவன் திருப்பிச் சொன்னானா?'ன்னு கேக்குறாருங்க."

மச்சான் வாயைத் திறப்பதற்குள் தரை ஆடியது…

வீடு இடிந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மச்சான் உடனே திருப்பிச் சொல்லிவிடுவார், பஸ் நம்பரைக்கூட. நாங்கள் கேலி செய்வோம். தூக்கத்திலும் சொல்கிறாராம்… யாரும் சொல்லாத எண்ணை.

நேற்று ராத்திரி அவர் சொன்னது, பதிமூணு புள்ளி ரெண்டு.