சோற்று நேரத்தில் வீடு பார்ப்பவர்கள்

ஆம்பூரில் ரயிலேறி எனக்கு எதிரே உட்கார்ந்த இருவரும் தோல் பதனிடுகிறவர்கள் என்பதை வாடையே சொல்லிவிட்டது. மூத்தவர் திடீரென்று ஆரம்பித்தார்.

“போன வாரம் நான் சோறு துன்னுட்டிருக்கேன், நாலு பேர் வந்து என் வூட்டைச் சுத்திப் பாக்கறாங்கப்பா.”

“வாடகை வூட்டையா? இன்னாத்துக்கு?”

“வூட்டுக்காரர் விக்கப் போறாராம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாம அவரே ஆளுங்களைக் கூட்டிக்கினு வந்துட்டாரு. செருப்பைக்கூட கழட்டாம சமையக்கட்டு வரைக்கும் வந்து, என் பொண்டாட்டி அடுப்பு ஊதிட்டிருக்கா, இவங்க சுவரைத் தட்டிப் பாக்கறாங்க. கேட்டா, ‘வூடு என்னுது, எப்ப வேணா வருவேன். நீ துன்னு’ன்றாரு.”

“நீ இன்னா பண்ணே?”

“துன்னேன். நேத்து மத்தியானம் தோலு ஊறற சுண்ணாம்புத் தொட்டியிலேர்ந்து ஏறி, கூட நின்ன ஆளுங்களை அப்படியே கூட்டிக்கினு நேரா அவரு வூட்டுக்குப் போனேன். சாப்பிட்டுட்டிருந்தாரு. சமையக்கட்டு வரைக்கும் சுத்திப் பாத்தோம்.”

“ஐயய்யோ! சும்மா வுட்டாரா?”

“குதிச்சாரு. ‘எங்க வாடகையில கட்டின வூடாச்சே, பாக்கக் கூடாதா? நீங்க சாப்பிடுங்க’ன்னேன்.”

“செருப்போடயா போனீங்க?”

“சேச்சே! மரியாதை தெரியாதவங்களா நாம? செருப்பை வாசல்லயே வுட்டுட்டுத்தான் போனோம். அவரு வூட்டுச் செவப்புத் தரையில வாசல்லேர்ந்து அடுப்பு வரைக்கும் வெள்ளை வெள்ளையா எங்க காலுதான்.”