இரட்டை விசிலும் இயக்க விதியும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய தலைவர் அவர்களே! பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்களுக்கு அந்தி நேரத்தில் அறிவுக் கதவைத் திறந்துவைக்கும் இந்த மாலைப்பள்ளியின் முதல்வர் அவர்களே! கரும்பலகைக்கு முன்னே கண்டிப்பும், களைத்த முகங்களுக்கு முன்னே கனிவும் காட்டி எங்களைக் கட்டி மேய்த்த அறிவியல் ஆசிரியை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்ற கவலையை அரை மணி நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! நின்றும் நெரிந்தும் பேருந்திலே பிழைப்பு நடத்தும் ஓட்டுநர்களே, நடத்துநர்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து, "சுருக்கமாப் பேசு" என்று இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போல் ஆட்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரரே!

அவர் தையற்காரர். எதையும் அளவாகக் கத்தரித்துவிடுவார். இருபத்தாறு வருடமாக என் பேச்சை மட்டும் அவரால் கத்தரிக்க முடியவில்லை. அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

இன்று திறக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தைப் பற்றி நான் பேச வேண்டுமாம். பேருந்து நடத்துநருக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் என்ன உறவு? பயணச்சீட்டைக் கிழிக்கிற கைக்கும் சோதனைக் குழாய்க்கும் என்ன சொந்தம்? சொல்கிறேன். என் வேலைக்கே வேட்டு வைத்த கதையைச் சொல்கிறேன்.

(சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.)

எங்கள் பேருந்தில் இரண்டு பேருக்கு வேலை. முன்னால் ஓட்டுநர், நடுவிலே நான். நான் ஒரு முறை விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு முறை அடித்தால் கிளம்ப வேண்டும். அந்த விசிலைத் தவிர எங்கள் இருவருக்கும் இடையே வேறு பேச்சு கிடையாது. ஒன்றரை வருடம் ஒரு வார்த்தை கிடையாது! ஏன்? அவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நான் முன்னால் பாய்ந்து யாராவது ஒருவர் மடியில் விழுவேன். ஒரு நாள் ஒரு வக்கீலின் மடி. இன்னொரு நாள் முட்டைக் கூடை வைத்திருந்தவரின் மடி. முட்டைக் கூடையோடு பொறுமையும் உடைந்தது.

"ஏன் சார், என்னைத் தள்ளிவிடுறதுதான் உங்க வேலையா?" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நான் எங்கம்மா தள்ளினேன்? நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்போ பேய் தள்ளுதா?"

"யாரும் தள்ளலை."

யாரும் தள்ளாமல் ஒருத்தி பறப்பாளா? பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அன்றோடு பேச்சு நின்றது.

இந்தச் சமயத்தில்தான் பயணச்சீட்டுப் பரிசோதகர் பதவி காலியாகப் போவதாகச் செய்தி வந்தது. பள்ளியிறுதி முடித்திருக்க வேண்டும். நானோ பதினாறு வயதில் அறிவியலில் தோற்று, புத்தகத்தைப் பரணில் போட்டவள். நாற்பத்தேழு வயதில், சீருடையைக்கூட மாற்றாமல், இந்தப் பள்ளியின் கடைசி இருக்கையில் வந்து உட்கார்ந்தேன். வகுப்புக்குள் ஆசிரியை வந்தார். பார்த்தால் என் மகளைவிட மூன்று வயது சின்னவர்!

முதல் நாள் அவர் ஒரு தம்ளரின் மேல் அட்டையை வைத்தார். அட்டையின் மேல் ஒரு நாணயம். அட்டையை விரலால் சுண்டினார். அட்டை பறந்தது, நாணயம் 'டங்' என்று தம்ளருக்குள் விழுந்தது. "அட்டை போச்சு, நாணயம் போகலை. இருக்கிற பொருள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். ஓடுற பொருள் ஓடிக்கிட்டே இருக்கப் பார்க்கும். இதுக்குப் பேர் நிலைமம். முதல் இயக்க விதி" என்றார்.

நான் எழுந்தேன். "மேடம், ஒரு சந்தேகம். ஓடுற பஸ்ல ஒரு பொம்பள நிக்கிறா. டிரைவர் பிரேக் போடுறார். அவ முன்னால விழுறா. யார் தள்ளினது?"

"யாரும் தள்ளலை அக்கா. பஸ் நின்னுடுச்சு. நீங்க நிக்கலை. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! அத்தனை நாள் பகை, அத்தனை முறைப்பு, அத்தனை முணுமுணுப்பு, எல்லாம் அவ்வளவுதானா! அந்த மனிதர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. பாடம் மண்டையில் ஏறிவிட்டது, மண்டைக்கனம் இறங்கவில்லை.

அடுத்தது வேதியியல். அமிலமும் சமையல் சோடாவும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும் என்று படித்தேன். படித்ததைப் பார்க்க வேண்டாமா? உப்புப் படிந்த எங்கள் வீட்டுக் கெட்டிலில் சோடாவைக் கொட்டி, வினிகரை ஊற்றினேன். நுரை புஸ்ஸென்று கிளம்பி அடுப்பு மேடையில் வழிந்தது. என் வீட்டுக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி ஓடி வந்தார். "என்னடி பண்ணின?" என்றார். "வேதிவினை" என்றேன். "வினைதான், தெரியுது" என்றார்.

(பாருங்கள், தலையாட்டுகிறார். அந்தக் கெட்டில் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா!)

தேர்வு எழுதினேன், தேறினேன். தேறிய செய்தி வந்த வாரம் எனக்குத் தரையே தெரியவில்லை. ஒரு காலை நேரம், பேருந்தில் நல்ல கூட்டம். முன் இருக்கையில் ஒரு தபால்காரர் அகப்பட்டார். அவர் கேட்டாரா? கேட்கவில்லை. நானாக நிலைமத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்றது. பின்வாசலில் யார் ஏறினார்கள், ஏறி முடித்தார்களா, கம்பியைப் பிடித்தார்களா? பார்க்க வேண்டியது என் கடமை. நான் பார்க்கவில்லை. பேச்சு ருசியில், திரும்பாமலே, இரண்டு முறை விசில் அடித்தேன்.

வண்டி கிளம்பியது. பின்னால் 'தொம்' என்று சத்தம். அதற்குப் பின்னால் 'சிலீர்' என்று சத்தம். அதற்கும் பின்னால், 'ஐயோ!' என்ற அலறல். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். நான் வழக்கம்போல் தபால்காரர் மடியில்.

எழுந்து பார்த்தால், பேக்கரி வைத்திருக்கும் ஓர் அம்மா கீழே கிடக்கிறார். கடைக்குச் சமையல் சோடாவும், மேசை துடைக்க வினிகரும் வாளியில் எடுத்து வந்திருக்கிறார். சோடாப் பை கிழிந்து, கண்ணாடி பாட்டில் உடைந்து, கடைசி இருக்கையின் அடியிலிருந்து வெள்ளை நுரை சீறிக்கொண்டு வருகிறது.

"வெடிகுண்டு!" என்றார் ஒருவர்.

அவ்வளவுதான்! இரண்டு கதவு, ஐம்பது பேர், ஒரே நேரம். நான் இருக்கையின் மேல் ஏறி நின்று கத்தினேன். "யாரும் முண்டாதீங்க! வினிகரும் சோடா மாவும்தான்! சோடா பாட்டில்ல பொங்குற அதே கேஸ்தான்! மெதுவா இறங்குங்க, கண்ணாடியை மிதிக்காதீங்க!"

நெரிசலில் ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் பெருமை ஆசிரியைக்கு. ஆனால் பேக்கரி அம்மாவின் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த வெட்கம் எனக்கு.

இரண்டு நாளில் புகார் வந்தது. யார் மேல்? ஓட்டுநர் மேல்! 'சடாரென்று பிரேக் போட்டார், விழுந்தேன்' என்று அந்த அம்மா எழுதியிருந்தார். பொய் சொல்லவில்லை, உலுக்கிய பிரேக்தான் அவருக்கும் பயணிகளுக்கும் நினைவில் நின்றது. ஓட்டுநருக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை உண்டு. இன்னொன்று வந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பணிமனையில் டயர் கழுவ வேண்டியதுதான்.

விசாரணைக்கு நான்தான் முக்கிய சாட்சி. காலையில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பிரேக் போட்டாரான்னு கேப்பாங்க. போட்டார்தானே? ஆமான்னு சொல்லிட்டு வா. அடுத்த மாசம் நீ பரிசோதகர்."

ஆமாம் என்பது உண்மைதானே! முழு உண்மையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம்தானே! டிப்போவின் மாடிப்படியில் ஏறும்போது, முப்பது படிக்கும் அதையே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

மேலாளர் உருளை வைத்த சுழல் நாற்காலியில் தேநீரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மாவுக்கட்டோடு பேக்கரி அம்மா. மறுபக்கம் தொப்பியைக் கையில் கசக்கியபடி ஓட்டுநர்.

"பிரேக் போட்டியா?"

"போட்டேன் சார். அலறல் கேட்டுத்தான் போட்டேன்."

"விழுந்தாத்தானே அலறுவாங்க? நீ பிரேக் போட்டாத்தானே விழுவாங்க?" மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. பிரேக் போட்டாரா? ஆமாவா, இல்லையா?"

வாயைத் திறந்தேன். 'ஆமா' நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஓட்டுநர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவருக்காகப் பேசுவேன் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. ஒன்றரை வருடத்தில் அப்படி ஒரு பெயர் வாங்கியிருக்கிறேன் நான்!

"சார், அந்தக் கப்பை அப்படியே கையில வெச்சுக்கிட்டு அசையாம உட்காருங்க" என்றேன்.

"என்னம்மா இது?"

"ஒரு நிமிஷம் சார்." பிறகு, பேச்சு நின்ற நாளுக்குப் பின் முதல்முறையாக, அவரிடம் பேசினேன். "டிரைவர் சார், இந்த நாற்காலிக்குப் பின்னால வந்து நில்லுங்க."

அவர் குழம்பிப்போய் வந்து நின்றார். மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கழுத்தில் விசில். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு முறை அடித்தேன்!

பழக்கம் இருக்கிறதே, பழக்கம்! இரட்டை விசில் கேட்ட மாத்திரத்தில் ஓட்டுநர் தள்ளினார். மேலாளர் கிளம்பினார். தேநீரில் பாதி அவர் சட்டையில்! நான் ஒற்றை விசில் அடித்தேன். ஓட்டுநர் இழுத்து நிறுத்தினார். மீதிப் பாதி முன்னால் இருந்த ஃபைலில்!

(மெதுவாக, மெதுவாகக் கைதட்டுங்கள். அவரும் இங்கேதான் இருக்கிறார்.)

"என்ன பைத்தியக்காரத்தனம் இது!"

"மன்னிக்கணும் சார். வண்டி கிளம்பினப்போ டீ எங்க கொட்டுச்சு?"

"என் மேலதான் கொட்டுச்சு!"

"பின்னால. நின்னப்போ?"

அவர் ஃபைலைப் பார்த்தார். "முன்னால."

நான் பேக்கரி அம்மாவிடம் திரும்பினேன். "அம்மா, நீங்க முன்பக்கம் பார்த்துத்தானே நின்னீங்க? விழுந்தப்போ எதைப் பார்த்தீங்க? தரையையா, கூரையையா?"

அந்த அம்மா கண்ணை மூடி யோசித்தார். "கூரையைத்தான்… வட்டமா ஒரு விளக்கு. ஆமா, நான் மல்லாக்கதான் விழுந்தேன்!"

"பாட்டிலும் பின் சீட்டுக்கு அடியிலதான் உடைஞ்சுது. பிரேக்ல விழுந்திருந்தா குப்புற விழுந்திருப்பீங்க. வண்டி கிளம்பும்போதே விழுந்திருக்கீங்க. நீங்க விழுந்து, அலறி, அதுக்கப்புறம்தான் அவர் பிரேக் போட்டார். அவர் மேல தப்பு இல்லை."

"அப்போ வண்டியைக் கிளப்பச் சொன்னது யாரு?" என்றார் மேலாளர்.

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"நான்தான் சார். திரும்பிப் பார்க்காம விசில் அடிச்சேன்."

சபையோரே! 'எல்லாம் என் தலைவிதி' என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! அது யார் எழுதியது, எங்கே எழுதியது, எவருக்குத் தெரியும்? நான் படித்த விதி கரும்பலகையில் எழுதியது. கண்ணால் பார்க்கலாம், கையால் சோதிக்கலாம், சந்தேகம் வந்தால் சண்டை போடலாம்! அது மேலாளர் சட்டை என்று ஒதுங்கியதா? நேற்றுப் பாஸானவள் என்று எனக்குச் சலுகை தந்ததா? இல்லை! என்னைப் பரிசோதகராக்கப் படித்த அதே பாடம், என்னையே பரிசோதித்தது!

எனக்கு மூன்று வாரம் தற்காலிகப் பணிநீக்கம். பதவி உயர்வு இந்த வருடம் இல்லை என்று கடிதம் வந்தது. வலித்ததா? வலித்தது. பேக்கரி அம்மாவின் கட்டுப் பிரிக்கும் வரை தினமும் அவர் கடைக்குப் போய் மாவு மூட்டையை இறக்கிக் கொடுத்தேன். முதல் வாரம் அவர் முகம் கொடுக்கவில்லை. இரண்டாம் வாரம், "உட்காரும்மா" என்றார்.

விசாரணை முடிந்து படியிறங்கும்போது ஓட்டுநர் பின்னாலேயே வந்தார்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, கண்டக்டரம்மா."

"எனக்குத் தெரியுமே சார். அன்னிக்கு நீங்க தள்ளலைங்கிறதும் தெரியும். கேக்க வேண்டிய மன்னிப்பைத்தான் கேக்கலை. தப்பா நினைக்காதீங்க."

அவர் நாலு படி இறங்கித் திரும்பினார். "புத்தகத்துல போட்டிருக்கா, நான் தள்ளலைன்னு?"

"போட்டிருக்கு."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டு, முதல்முறையாகச் சிரித்தார்.

இப்போது என் சக தொழிலாளிகளுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்து நாலு முக்காலிகள் போட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் இதுவரை பதினோரு பெயர். அறிவியல் யாருக்கு? துணி துவைக்கிற கைக்குச் சோப்பின் வேதியியல் சொந்தமில்லையா? மூட்டை தூக்குகிற தோளுக்கு விசையின் கணக்கு விளங்காதா? விளங்கும்! உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கு இங்கே பெயர் சொல்லித் தருகிறார்கள். பெயர் தெரிந்தால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால், "ஆமாவா, இல்லையா" என்று அதட்டுகிறவர் முன்னாலும் நிமிர்ந்து நின்று, "கொஞ்சம் பொறுங்க சார், காட்டுறேன்" என்று சொல்லத் துணிவு வரும். உண்மை நம் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். நமக்கு எதிராக இருந்தால் உரக்கச் சொல்லுங்கள்!

பதிமூன்று முக்காலிகள் காலியாக இருக்கின்றன. வாசலில் பதிவேடும் பேனாவும் இருக்கின்றன. எழுந்து போகும்போது உங்கள் கால்கள் அந்தப் பக்கம் திரும்பட்டும்.

பேச இடம் தந்த முதல்வருக்கும், 'அக்கா' என்றழைத்து எனக்கு ஆசானான ஆசிரியைக்கும், சட்டையைத் தந்து அறிவியல் வளர்த்த மேலாளருக்கும், இவ்வளவு நேரம் எழுந்து போகாத உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்!