உயிரோடு இருப்பதற்கு ஒரு கடிதம்

எனக்கு ஆட வராது. ராட்டர்டாமில் இருபது வருடமாக இசைத்தட்டுச் சுழற்றிப் பிறரை ஆடவைத்துப் பிழைக்கிறேன். என் கால்கள் மட்டும் மேசைக்கடியில் மரக்கட்டையாகக் கிடக்கும். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்பான். நான் கூடத்தைக் குறை சொல்லவில்லை, புது இசை தேடி ஆப்பிரிக்காவில் தார் எஸ் சலாமுக்கு விமானம் ஏறிவிட்டேன்.

அங்கே டெமெகே என்ற பகுதியில் கிப்வானா பாஸி என்பவர் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசித்துவந்தார். குழந்தைகள் விளையாடும் சின்னக் கீபோர்டுதான். அவர் கை பட்டால் இடுப்புவலிக்காரிகளும் எழுந்து ஆடுவார்கள். எட்டு நாள் அவர் வீட்டில் உகாலிக் களியும் வறுத்த நெத்திலியும் தின்றேன், அவர் வாசித்ததையெல்லாம் பதிவு செய்தேன். அவருக்குத் தெரியாமல் எதையும் எடுக்கவில்லை. நான் திருடன் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி, அதன்மேல் என் மெஷின் தாளத்தைப் பூசி, இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் யெல்லேயிடம் போட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு யோரிஸ். இந்த ஆளு உசுரோட இருக்காரா?"

"நல்லா இருக்காரே."

"அப்ப கஷ்டம். உசுரோட இருக்கிறவரக் கண்டுபிடிச்சேன்னா எவன்யா மதிப்பான்?"

அன்று இசைத்தட்டு உறையில் பாஸியின் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று சேர்த்தேன், கீழே இறந்ததாக ஒரு வருடமும் போட்டேன். பாஸி ராட்டர்டாம் கடைக்கு வந்து உறையைப் படிக்கவா போகிறார்? பத்திரிகைகள் என்னைப் புதையல் மீட்டவன் என்றன. பேட்டிகளில் அவருடைய கடைசி நாட்களைச் சொல்லி அழுதேன். கண்ணீர் நிஜம். இறுதி ஊர்வலத்தில் மழை பெய்ததாகக்கூடச் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் பாஸியே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, நான் செத்துட்டேனாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

சிரித்தார், பிறகு வெகுநேரம் இருமினார். தொண்டையில் கட்டி. எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்று அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தது. விசா அலுவலகத்தில்தான் நான் எழுதியதைப் படித்துவிட்டு, இறந்தவர் பெயரில் வந்த போலி என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"நீ ஒரு கடுதாசி குடுத்தாப் போதும்ப்பா. அதே ஆளுதான், உசுரோடதான் இருக்கான்னு. ஒரு மாசத்துக்குள்ள அறுக்கணும்கறாரு டாக்டரு."

"நாளைக்கே அனுப்பிடறேன் பெரியவரே."

நாலு வரிதான், எழுதியும் வைத்தேன். ஆனால் அடுத்த வாரம் அவருடைய மூன்றாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சி. எல்லா இடமும் நிறைந்துவிட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிட அரங்கம் பெரிதாக இருந்தது. முடிந்ததும் அனுப்பலாம் என்றிருந்தேன்.

அந்த ஞாயிறு மதியம் அறுநூறு பேர் ஒரு நிமிட மௌனத்துக்கு எழுந்து நின்றார்கள். என் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. பாஸியின் எண். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற யெல்லே ஆறுதலாக என் முதுகைத் தடவினான்.

அப்புறம் அவர் கூப்பிடவில்லை. ஐந்து வாரம் கழித்து அவர் மகள் செய்தி அனுப்பினாள். கடிதம் இழுப்பறையில்தான் இருக்கிறது, கையெழுத்து மட்டும் போடவில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்கள் பத்திரிகையில் என்னைப் பொய்யன் என்று எழுதிவிடாதீர்கள். உறையில் இருப்பது இன்று உண்மை. அடுத்த பதிப்பில் வருடத்தைத் திருத்திவிடுகிறேன்.