ஒற்றைச் செங்கல் சுவர்

கடலைப் பார்த்த வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் அங்கே ஒரு சட்டையைக் காயப்போட்டுப் பார்க்க வேண்டும், ஐயா. அந்த உப்புக் காற்றில் அது காய்வதற்குள் ஆசை போய்விடும்.

எங்கள் வரிசையில் பதினோரு வீடுகள், தோளோடு தோள் ஒட்டியவை. நகராட்சியில் வரைபடக்காரனாக இருந்தபோது, பழமையான கட்டடங்களின் பட்டியலுக்காக அத்தனையையும் அளந்து வரைந்தவன் நான்தான். முகப்பில் வளைந்த ஜன்னல், வார்ப்பிரும்புப் பால்கனி என்று ஏக தடபுடல். கட்டியவன் கைத்திறனையெல்லாம் வெளியே கொட்டிவிட்டு உள்ளே கஞ்சத்தனம் பண்ணிவிட்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மாடிப்படிப் பக்கம் அதுவும் ஒற்றைச் செங்கல் கனம். சுவருக்கு இந்தப் பக்கம் என் படி, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் படி.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மாலுமி. மனைவியை இழந்தவர். எனக்கு இழப்பதற்கும் யாரும் இல்லை. காலையில் எழுந்ததும் அவர் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார், நானும் இரண்டு தட்டுவேன். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். பதினான்கு வருடம் இப்படி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இரண்டு தட்டுக்காகத்தான் நான் எழுந்தேன்.

போன மாதம் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்.

"சார், பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வெள்ளிக்கிழமை கிளம்பறேன். வீட்டை வாங்கறவங்க, சத்தம் கேக்காம இருக்க உள்பக்கம் இன்னொரு சுவர் எழுப்பறாங்களாம். உங்களுக்கும் நிம்மதி."

"ரொம்ப நல்லது," என்றேன்.

புதன்கிழமை காலை இரண்டு தட்டு வரவில்லை. நிறைய வந்தன. பெட்டியை இறக்கும்போது படியில் சறுக்கி விழுந்திருக்கிறார். பழைய படிகள் செங்குத்தானவை, பாதம் முழுதாகப் பதியாது. அவர் குரல் வந்த உயரத்தில் என் படியில் போய் உட்கார்ந்தேன்.

"இடுப்பு போச்சு சார். எழுந்திரிக்க முடியல. என் சாவி உங்ககிட்டதானே இருக்கு, வாங்க."

"இதோ வர்றேன்."

போவதாகத்தான் இருந்தேன். ஆனால் வலியை மறக்க அவர் பேச ஆரம்பித்துவிட்டார். முதல் கப்பல், புயல், மனைவியோடு போட்ட சண்டைகள். நானும் என் கதையைச் சொன்னேன். நடுநடுவே "வர்றீங்களா?" என்பார். "வந்துக்கிட்டே இருக்கேன்," என்பேன். கதவைத் திறந்தால் ஆம்புலன்ஸ் வரும், மகள் வருவாள், அப்புறம் இன்னொரு சுவரும் வந்துவிடும்.

வியாழக்கிழமை தண்ணீர் கேட்டார். குடித்துக்கொண்டிருந்த டம்ளரை நானும் கீழே வைத்துவிட்டேன். அவருக்குக் கிடைக்காதபோது நான் குடிப்பது நாகரிகமில்லை.

மகள் எனக்குப் போன் செய்தாள். "அப்பா போனை எடுக்கலையே, அங்கிள்."

"சளிம்மா, தூங்கறார். திங்கக்கிழமை நானே அனுப்பி வைக்கறேன்."

வெள்ளிக்கிழமை பேச்சு நின்று தட்டல் மட்டும் வந்தது. ஒன்றுக்குக்கூட நான் பதில் தட்டாமல் விடவில்லை. சனிக்கிழமை காலை நான்தான் முதலில் தட்டினேன். அன்று முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், பத்தடி நடந்து அந்தக் கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்தேதான் திறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும். கடைசி மூன்று நாளும் அவள் அப்பாவை நான் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை.