அம்பு முனையின் எடை

அமெரிக்காவில் ஆலன் என்ற ஊரின் வில் கிளப் விதிப்படி, வேட்டைக்குப் போகும் உறுப்பினர் அம்பு முனையின் எடை பற்றி எழுதிக் கேட்டால் ஏழு நாளில் கிளப் பதில் தர வேண்டும். விதி கவுண்டருக்கு மேலேயே தொங்குகிறது. மருமகனோடு நான் வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னாள்:

“மான் செத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேனுங்க.”

“மெதுவாப் பேசு, சாந்தி.”

“இங்க யாருக்குப் புரியுது? ப்ராக்டிஸுக்குப் போட்ட லேசான முனையையே வேட்டைக்கும் போட்டீங்க. அம்பு ஆழமா இறங்கல. அம்போடவே ஓடிப்போச்சு. எங்க கெடந்து துடிக்குதோ.”

“கனமாப் போட்டா என் அம்பு நேராப் போகாது. எந்த எடை தாங்கும்னுதான் அக்டோபர் ரெண்டாம் தேதியே கிளப்புக்கு லெட்டர் போட்டேன்.”

“க்ரீன் கார்டுக்கு அஞ்சு வருஷமா வெயிட் பண்றீங்க. இதுக்கு முடியலையா?”

“மூணு வாரம் வெயிட் பண்ணினேன். சீசன் ஸ்டார்ட் ஆயிருச்சு.”

“பக்கத்துல நின்னு அம்பு விடறவர்கிட்ட வாயத் திறந்து கேட்டிருக்கலாமே.”

“எதுவும் எழுத்துல இருக்கணும்ல.”

இப்படி எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை நம்பித்தான் ஊரில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகமும் நடந்தது.

கிளப்பிலிருந்து விலகி, திருப்பிக் கொடுப்பதற்காக சாந்தியின் கணவர் உறுப்பினர் அட்டையைப் பையிலிருந்து எடுத்தார். கூடவே கிளப்பின் கடிதம் ஒன்றும் வந்தது. அவள் பிடுங்கிப் படித்தாள். அவர் போட்டதைப்போல இரண்டு மடங்கு எடை போடலாம், அந்த அம்பு தாங்கும் என்று இருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

“ரெண்டு நாள் மானைத் தேடிட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கு. அக்டோபர் இருபத்தாறு.”