அண்ணன் நம்பர்

இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் பகலில் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். நான் அணைப்பதில்லை. வீட்டுக்கு வரவேண்டிய தகவலெல்லாம் என் நம்பருக்குத்தான் வரும்.

போன வருஷம் தங்கை நாகஜோதி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். இஞ்சினியரிங் கலந்தாய்வுக்கு என் நம்பரைக் கொடுத்தோம். அப்போது அவளிடம் போன் இல்லை.

எங்கள் நிட்டிங் கம்பெனி முதலாளி சாமியப்பன் எட்டாவது தாண்டாதவர். இனிப்புக் கொடுக்கப் போனபோது சிரித்தார். “படிக்கட்டும் கண்ணு. படிச்சவீங்க நாலு பேரு நம்ம ஆபீஸ்ல உக்காந்திருக்கறாங்க. அவீங்களுக்குச் சம்பளம் போடறது நாந்தான்.”

அதில் பொய் இல்லை. படிப்பு கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அம்மா வேறு மாதிரி சிரித்தாள். “இவனுக்கு ஏறாததெல்லாம் சேத்து இவ மண்டையில ஏறிருச்சு” என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். பாலிடெக்னிக்கைக் குடும்பக் கஷ்டத்தால் விட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அரியர் விஷயம் அம்மாவுக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு மத்தியானம் குறுஞ்செய்தி வந்தது. அரசுக் கல்லூரியில் இடம். கெடுவுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் போய்விடும். படித்தேன். அழித்தேன். தூங்கினேன்.

“மெசேஜ் வந்துச்சாண்ணே?” என்று தினமும் கேட்டாள்.

“தேதிய தள்ளி வச்சிட்டாய்ங்களாம்.”

பிறகு அவளே நெட் சென்டரில் போய்ப் பார்த்தாள். இடம் வந்ததும் போனதும் ஒரே திரையில் இருந்தது. எனக்கு எதுவும் வரவில்லை என்று போனைக் காட்டினேன். முன்னாலேயே போய்ப் பார்க்காதது தன் தப்பு என்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அவளைத் திட்டவில்லை.

இப்போது அவளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு துணியில் ஓட்டை தேடுகிறாள். கண் எரிகிறது என்கிறாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடிவதில்லை. ஷிப்ட் முடிந்து வந்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை. சொல்லிவிட்டால் தீரும் என்று நினைத்திருந்தேன்.

நேற்று, இந்த வருஷமும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள்.

“எம் போனை கம்பெனி கேட்லயே வாங்கி வச்சுக்கிறாய்ங்க. நீதான பகல்ல வீட்ல இருக்க. ஒன் நம்பரையே குடுத்துரவாண்ணே?”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“குடு. நான்தான் போனை அணைக்கிறதே இல்லையே” என்றேன்.